மைனர் கையெழுத்து

எங்கள் அப்பா பத்திர எழுத்தர். மன்னார்குடிப் பக்கம் ஒரு சப் ரிஜிஸ்தார் ஆபீசுக்கு எதிரே, புங்க மரத்தடியில், கீற்றுக் கொட்டகையில் அவருடைய சாய்வு மேசை இருந்தது. பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் கூடப் போவேன். வெண்டரிடம் முத்திரைத்தாள் வாங்கி வருவது, எழுதிய பக்கத்தில் ஒற்றுத்தாள் வைத்து அழுத்துவது, கைநாட்டு வைக்கிறவர்களின் பெருவிரலில் மை தடவுவது, வைத்து முடித்ததும் துடைக்கத் துணி கொடுப்பது, இவ்வளவும் என் வேலை. மைனர் என்ற சொல்லை நான் முதன்முதலில் எழுத்தில் பார்த்தது அங்கேதான்.

1962-ஆம் வருடம், எனக்குப் பத்து வயது. அப்பா ஒரு கிரயப் பத்திரத்தில், மைனர் இன்னாருக்காக அவருடைய தாயாரும் கார்டியனுமான இன்னார் என்று எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் மைனர் என்றால் ஒரே ஒருத்தர்தான். அவருக்கு அப்போதே நாற்பது வயது இருக்கும்.

"ஏம்ப்பா, மைனருக்கு அவங்க அம்மா எதுக்குக் கையெழுத்துப் போடணும்? அவரே பெரிய ஆளுதானே?" என்று கேட்டேன்.

எழுதி வாங்க வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "இது வயசு வராத புள்ள. இவன் கையெழுத்து செல்லாது. நம்ம ஊரு மைனர் வேற" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வேறன்னும் சொல்லிட முடியாது" என்றார்.

அந்தப் பின்பாதி எனக்குப் புரிவதற்குப் பத்து வருடம் ஆயிற்று.

எங்கள் ஊர் மைனரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். அவருக்கு ஐந்து வயதாகும்போதே தகப்பனார் இறந்துவிட்டார். 7 வேலி நஞ்சையும் மச்சு வீடும் அந்தக் குழந்தை பேருக்கு வந்தன. வேலி என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. 20 மா சேர்ந்தால் ஒரு வேலி, ஏக்கரில் சொன்னால் ஆறரைக்குச் சற்று மேல். தாயார் கார்டியனாக இருந்து வளர்த்தார். பத்திரத்தில் அவர் பேருக்கு முன்னால் மைனர் என்று எழுதி எழுதி, அதுவே ஊர் வாயில் பேராக நின்றுவிட்டது. மேஜர் ஆனார், கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தன, தலை நரைத்தது. பேர் மட்டும் மாறவில்லை.

காலைக்கு ஒரு வேட்டி, சாயங்காலத்துக்கு ஒரு வேட்டி. இரண்டும் மல் வேட்டி, தொடை நிறம் தெரிகிற மெல்லிசு. மேலே சில்க் ஜிப்பா, அதில் சன்னச் சங்கிலியில் கோத்த தங்கப் பொத்தான்கள். மேல் இரண்டு பொத்தானையும் போடமாட்டார். போட்டால் செயின் மறைந்துவிடும். அந்த வகைச் செயினுக்கே மைனர் செயின் என்றுதான் பேர், நகைக்கடையில் இன்றைக்கும் அப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள். காலில் பம்ப் ஷூ. கடைத்தெருவுக்கு அவர் வரும்போது முதலில் வில்வண்டி மாட்டின் சலங்கைச் சத்தம் வரும், அடுத்து ஜவ்வாது வாசனை வரும், அதற்குப் பிறகுதான் ஆள் வருவார். கிளப்புக் கடையில் காபி குடிக்கிறவர்கள் எல்லோரும் தலையைத் திருப்புவார்கள். நானும் திருப்பியிருக்கிறேன். அழகாகத்தான் இருப்பார், அதை மறைத்து என்ன பயன்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு அப்பா எனக்கு விளக்கிச் சொன்னார். ஜமீன்தார் இறந்து வாரிசு சின்னப் பிள்ளையாக இருந்தால், கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற பேரில் சர்க்காரே எஸ்டேட்டை எடுத்து நடத்தும். சென்னை மாகாணத்தில் 1804-லேயே இதற்கு ரெகுலேஷன் வந்துவிட்டது, 1902-ல் தனிச் சட்டமும் போட்டார்கள். ஊரில் மற்றவன் 18 வயதில் மேஜர். 1875-ஆம் வருடத்துச் சட்டப்படி கோர்ட் பாதுகாப்பில் வளர்ந்த ஜமீன் பிள்ளைக்கு 21 ஆகவேண்டும். அதுவரை அவன் சொத்தை அவன் தொட முடியாது. அதற்குள் பழைய கடனெல்லாம் தீர்ந்து கஜானாவில் பணம் சேர்ந்திருக்கும். 21 பிறந்த அன்று மொத்தமும் கைக்கு வரும். அடக்கி வைத்திருந்த வயசும் அன்றைக்குத்தான் வெளியே வரும்.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் படிக்கவைக்க மதராஸ் தேனாம்பேட்டையில் நியூவிங்டன் என்றொரு பள்ளி நடந்தது. ஜனங்கள் அதை மைனர் பங்களா என்றார்கள். 1919 அக்டோபரில் அதன் முதல்வர் டி லா ஹே என்ற வெள்ளைக்காரர் அங்கேயே தூக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கு பம்பாய்க்கு மாற்றப்பட்டு, குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். மைனர் என்ற சொல் மாகாணம் முழுக்க எல்லோர் வாயிலும் புரண்டதற்கு அந்த வழக்கும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எல்லா மைனரும் ஒரே மாதிரி ஆகிவிடவில்லை. ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியும் அப்படிக் கோர்ட் பொறுப்பில் வளர்ந்தவர்தான். 1889-ல் சமஸ்தானம் அவர் கைக்கு வந்தது. கோயிலுக்கும் புலவர்களுக்கும் வாரிக் கொடுத்தார், விவேகானந்தர் சிகாகோ போக உதவினார், கடனாளியாகி 35 வயதில் இறந்தார். அவரை யாரும் அந்த அர்த்தத்தில் மைனர் என்று சொன்னதில்லை. அப்படியானால் கையில் வந்த பணத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்பதில்தான் இந்தப் பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து ஜமீன்கள் போயின. ஜமீனே இல்லாத எங்கள் பக்கத்து மிராசுதார் வீடுகளில் அந்தப் பேர் நன்றாக வேர்விட்டது.

ஷோக்குப் பேர்வழி என்று ஒரு சொல் உண்டு. அதைத் தையல்காரரைக்கூடச் சொல்லலாம், வாத்தியாரைச் சொல்லலாம். பகட்டுக்காரன், ஜம்பக்காரன் என்பதெல்லாம் முகத்துக்கு நேரே சொன்னால் சண்டை வரும். மைனர் என்றால் சண்டை வராது, சிரிப்பு வரும். சொல்லப்பட்டவரே சிரிப்பார். உடுத்துகிற ஆசை, பணத்தைத் தண்ணீராக விடுவது, பொம்பளை விஷயம், மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அதன் மேல் ஒரு செல்லத்தையும் தடவித் தருகிற சொல் அது. அந்தச் செல்லம்தான் என்னை இத்தனை வருடமாக உறுத்துகிறது.

அவருடைய மல் வேட்டியை வெளுத்தது யாரென்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கும் அந்தப் பெரியம்மாதான் துணி எடுப்பார். தெருப் பிள்ளைகள் வயதில் மூத்த அவரைப் பேர் சொல்லி, வா போ என்று கூப்பிடுவார்கள். எங்கள் அம்மா எங்களை அப்படிக் கூப்பிட விட்டதில்லை. மல் துணியைக் கல்லில் அடிக்க முடியாது, கிழிந்துவிடும். தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கையால் கசக்கிக் கசக்கித்தான் அழுக்கெடுக்க வேண்டும். வடிகஞ்சியை வேறொரு துணியில் வடிகட்டித் தண்ணீர் விட்டு, நீலத்தை அதில் கரைத்து, பருக்கையோ திட்டோ ஒட்டாமல் முக்கி எடுப்பார். அப்புறம் ஒரு முனையை அவரும் மறு முனையை அவர் மகளும் பிடித்துக்கொண்டு, விரல் பட்ட சுருக்கம் விழாமல் நிழலில் உலர விடுவார்கள். கரிப்பெட்டி இஸ்திரியிலிருந்து ஒரு பொறி விழுந்தால் போதும். ஒரு தடவை விழுந்துவிட்டது. மிளகு அளவு ஓட்டை. அந்த வருடம் களத்தில் அவருக்கு அளக்க வேண்டிய நெல்லில் ஒரு மூட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியம்மா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் அதைச் சொல்லும்போது, சவுக்காரத்தில் வெடித்துப்போன விரல்களை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தார்.

இன்னொன்றும் பார்த்தேன். பண்ணையில் வேலை செய்தவர் ஒருவரின் மகன் மதராசில் ஹோட்டல் வேலைக்குப் போயிருந்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். 1967 பொங்கலுக்கு ஊருக்கு வந்தான். டெரிலின் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் வாட்ச். சட்டை இளநீலம், முழுக்கையை முழங்கைக்கு மேல் அளவாக மடித்து விட்டிருந்தான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். கடைத்தெரு முக்கில் நான்கு பேர் மறித்துக்கொண்டு, "என்னடா, மைனரா நீ?" என்று கேட்டார்கள். அதே சொல். எங்கள் ஊர் மைனரைச் செல்லமாக அப்படிக் கூப்பிட்ட வாயும் அதே வாய்தான். அவன் பதில் சொல்வதற்குள் காலரைப் பிடித்து இழுத்ததில் சட்டை முதுகு வரை கிழிந்தது. வாட்ச் மண்ணில் விழுந்ததை அவன் குனிந்து எடுத்துக்கொண்டு நடந்தான், ஓடவில்லை. நான் அப்பாவுக்கு வெற்றிலை வாங்கப் போனவன், சீவல் பொட்டலத்தைப் பிடித்தபடி நின்றேன். இதை எழுதும்போதும் அந்தப் பொட்டலம் கையில் இருப்பது போலத்தான் இருக்கிறது.

தோளில் துண்டு போடக்கூடாது, செருப்புப் போட்டுத் தெருவில் நடக்கக்கூடாது என்று ஒரு பகுதி மனிதரை வைத்திருந்த மண் அது. பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாட்டையடியையும் சாணிப்பாலையும் எதிர்த்து 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் அந்தக் கிராமங்களில் செங்கொடிச் சங்கம் கட்டினார்கள். அதற்குப் பிறகும் ஒரு டெரிலின் சட்டையைப் பொறுக்க முடியவில்லை. அடுத்த வருடம் டிசம்பர் 25-ஆம் தேதி ராத்திரி கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டதாகச் செய்தி வந்தபோது, அவர்கள் கேட்டது கூலி நெல்லில் கொஞ்சம் கூடுதல் என்று தெரிந்தபோது, எனக்கு முதலில் நினைவு வந்தது அந்த இளநீலச் சட்டைதான்.

அதே 1968-ல் வந்த படம் 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு கலைமணி என்ற பேரில் விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி. நாகராஜன் படமாக எடுத்தார். அதில் சிங்கபுரம் மைனர் என்று ஒரு பாத்திரம், நடித்தவர் பாலாஜி. எங்கள் டூரிங் டாக்கீசுக்கு அது சில மாதம் கழித்து வந்தது. மைனர் திரையில் வந்ததும் ஆண்கள் பக்கம் ஒரே விசில். எல்லோரும் நாற்காலி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே எங்கள் ஊர் மைனர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கம் அம்மாவோடு உட்கார்ந்திருந்த என் தங்கை வீட்டுக்கு வந்து சொன்னாள், அங்கே யாரும் சிரிக்கவில்லையாம்.

அந்தப் பெண்கள் பக்கத்தில் இட்லிக் கடை அக்காவும் இருந்திருப்பார்.

பஸ் நிற்கிற இடத்தில் காலையில் இட்லி, சாயங்காலம் பணியாரம் போட்டு விற்றவர். புருஷன் இல்லை. ஒரு பெண் குழந்தை. மைனர் அவர் வீட்டுக்குப் போய் வந்தது ஊருக்கே தெரியும். எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஊர் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மைனர் வீட்டு ஆளு என்பார்கள், அதைவிட மோசமாகவும் சொல்வார்கள். குழந்தை பேருக்குப் பத்துக் குழி மனை எழுதித் தருவதாக மைனர் வாக்குக் கொடுத்திருந்தார். பத்துக் குழி என்றால் 1,440 சதுர அடி. அவர் சொத்தில் அது ஒரு மூலைகூட இல்லை.

1971-ல் ஒரு திங்கட்கிழமை அவரே அப்பாவின் கொட்டகைக்கு வந்தார். அன்றைக்குக் குங்குமப்பூ நிற ஜிப்பா. "செட்டில்மெண்ட் ஒண்ணு எழுதி வைங்க, வெள்ளிக்கிழமை வந்து ரிஜிஸ்தர் பண்ணிடலாம்" என்றார். சர்வே நம்பரும் நான்கெல்லையும் அவர் வாயாலேயே சொன்னார். நான் காலேஜில் சேர்ந்திருந்த சமயம், லீவுக்கு வந்திருந்தேன். நகல் எழுதியது நான். முத்திரைத்தாளுக்குப் பணம் அக்கா கொடுத்தார். இட்லிக் கடைச் சில்லறை, ஈரம் காயாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. அக்கா கடையை மூடிவிட்டு வந்து, புங்க மரத்தின் அந்தப் பக்கமாக, எங்கள் கண்ணில் படாதது போல நிற்பார். சப் ரிஜிஸ்தார் கிளம்பியதும் அவரும் கிளம்பிவிடுவார். மூன்று மாதம் இப்படி. வில்வண்டி அந்த வழியாகப் போனதையும் பார்த்தேன், நிற்காமல் போனது. அப்பா ஒரு நாள் மச்சு வீட்டுக்கே போய்க் கேட்டார். "பாக்கலாம், பாக்கலாம்" என்று சிரித்து, வெற்றிலைத் தட்டை நீட்டினாராம். அப்பா வெற்றிலை போடாமல் வந்துவிட்டார். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு வீட்டில் செய்தது அது ஒன்றுதான்.

வாய்வார்த்தையில் மனை கைமாறாது. எழுதிக் கொடுப்பவர் கையெழுத்து வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும், பதிவாக வேண்டும். அக்காவுக்குச் சட்டத்தில் ஒரு வழியும் இல்லை. ஊரில் ஒரு வழி இருந்திருக்கலாம், நாலு பெரிய மனிதர்கள் கேட்டிருக்கலாம். அவர்கள் சொன்னதை நான் கிளப்புக் கடையில் என் காதால் கேட்டேன். "மைனரு சொன்னத நம்பினா, அது அவ தப்பு."

அன்றைக்குத்தான் அப்பா சொன்னதன் பின்பாதி புரிந்தது. வயது வராத பிள்ளையின் சொத்தை வாங்குகிறவர்களிடம் அப்பா ஒன்று சொல்வார். "மைனர் சொத்தக் கோர்ட்டு உத்தரவு இல்லாம வாங்கினா, அவன் மேஜர் ஆகி மூணு வருஷம் போற வரைக்கும் நிம்மதியாத் தூங்க முடியாது. எப்ப வேணாலும் செல்லாதுன்னு கேஸ் போடுவான்." பிள்ளையை ஏமாற்றிவிடக் கூடாது என்று சட்டம் கொடுத்த பாதுகாப்பு அது. அதே பாதுகாப்பை எங்கள் ஊர் ஐம்பது வயது ஆளுக்குக் கொடுத்து வைத்திருந்தது. அவர் வாக்கு செல்லாது, அவர் பெண்களிடம் சொன்னது எதுவும் செல்லாது, நம்பினவள்தான் நஷ்டத்தை ஏற்க வேண்டும். பத்திரத்தில் மைனர் என்றால் பொருள் என்னவோ, தெருவிலும் அதேதான் பொருள். ஒரு வித்தியாசம், இவருக்கு மேஜர் ஆகிற தேதி வரவே இல்லை.

அக்கா அடுத்த தை மாதம் குழந்தையைக் கூட்டிக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார். கடை இருந்த இடத்தில் சைக்கிள் கடை வந்தது.

மைனரும் சீக்கிரம் கரைந்துபோனார். நில உச்சவரம்பு 1961-ல் 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர், 1970-ல் அதை 15 ஆக்கினார்கள். அதற்கு முன்பே அவர் மா மாவாக விற்க ஆரம்பித்துவிட்டார், பாதிப் பத்திரம் அப்பா எழுதியது. வில்வண்டி போயிற்று, செயின் போயிற்று. கடைசிக் காலத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அப்போதும் சட்டை மட்டும் சலவை. யாராவது டீ வாங்கிக் கொடுப்பார்கள். "என்ன மைனரே" என்றால் முகம் மலரும். சாவு எடுத்த அன்று ஊரே திரண்டு வந்தது. எவ்வளவு ஜோரான மனுஷன் என்று பேசிக்கொண்டார்கள்.

1990-ல் சத்யராஜ் நடித்து 'மல்லு வேட்டி மைனர்' என்று ஒரு படமே வந்தது. இப்போது கல்யாண வீட்டில் பட்டு வேட்டி கட்டிய ஐந்து வயதுப் பையனைப் பார்த்து, "டேய் மைனர்" என்று கொஞ்சுகிறார்கள். போன மாதம் என் பேரனை ஒருவர் அப்படிக் கூப்பிட்டார். குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, சட்டையை நீவிக்கொண்டு சிரித்தான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டேன்.

அப்பா காலமான பிறகு அவருடைய இரும்புப் பெட்டியைப் பிரித்தோம். அந்த செட்டில்மெண்ட் நகல் அடியில் இருந்தது. என் கையெழுத்துத்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடம் தெரிவதற்காக அப்பா வழக்கமாகப் பென்சிலில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவார். அதுவும் இருந்தது. எழுதி வாங்குபவர் பகுதியில் அக்காவின் பெயர், அவர் தகப்பனார் பெயர், குழந்தையின் பெயர், மூன்றும் முழுதாக இருந்தன. குழந்தை பெயருக்கு முன்னால், சட்டம் கேட்கிறபடி, மைனர் என்று எழுதியிருந்தேன். அந்த ஊரில் அக்காவின் பெயர் எழுதப்பட்ட ஒரே தாள் அதுவாகத்தான் இருக்கும்.

உங்கள் ஊரிலும் ஒரு மைனர் இருந்திருப்பார். அவருடைய ஜிப்பாவையும் செயினையும் வண்டியையும் பற்றிச் சொல்ல ஆட்கள் இருப்பார்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால், அவரை நம்பிய பெண்ணின் பெயர் என்ன என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். தெரிந்தால் எழுதி வையுங்கள்.